பனிப்பலகைக்கு மெழுகு

1999 ஜனவரி 7, வியாழன்

மழை. லாண்டரி ரூமில் ட்ரையர் ரிப்பேர். ஈரத் துணியோடு மாடி ஏறி வந்தது. பால்கனியில் காயப் போட்டால் அபார்ட்மெண்ட் மேனேஜர் கடிதம் வைப்பார். குளியலறைக் கம்பி முழுக்க பேண்ட்.

இன்றைக்கு: உளுந்து ஊற வைக்க. கறிவேப்பிலை தீர்ந்தது. ஊருக்குப் பேசுகிற காலிங் கார்டும். பி.யின் ஸ்கீக்கு மெழுகு.

பி. என்றால் வீட்டுக்காரர். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்த்தார்கள். முதல் எழுத்துக்குத் தடை ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ராச்சாப்பாட்டுக்கு வெங்கட். பி.யோடு ஆபீஸ், பக்கத்து பிளாக், சனி ஞாயிறு ஆனால் இரண்டு பேரும் டாஹோ மலைக்கு. காலில் ஸ்கீ பலகை மாட்டிப் பனியில் சறுக்குவது. ரசத்தைக் குடித்துக்கொண்டே வெங்கட்:

“கடைல குடுத்தா ஒரு வாரம் இழுத்தடிப்பான்டா. மெழுகு வாங்கி வீட்லயே போட்டுக்கலாம். அயர்ன் பாக்ஸ் இருந்தா போதும்.”

“எனக்கு எங்கடா டைம்? மேகலா சும்மாதான இருக்கா, போட்டுருவா.”

சும்மாதான். டிபன், டப்பா, துணி, பாத்திரம், சும்மா. கோவையில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, காலேஜ் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். இங்கே அமெரிக்காவில் எச்-4 என்று ஒரு விசா. வேலைக்கு வந்தவரின் பெண்டாட்டி என்று அர்த்தம். இருக்கலாம், தின்னலாம், தூங்கலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது. கல்யாணப் பேச்சில் இதை யாரும் சொல்லவில்லை. ‘பொண்ணு அங்க போய் வேலைக்குப் போயிக்கலாம்’ என்று தரகர் சொன்னது நன்றாக ஞாபகம்.

மத்தியானம் மெழுகு. இரண்டு அரிசி மூட்டை மேல் ஸ்கீயைக் குப்புறப் போட்டேன். என்னைவிட உயரம். அடிப்பக்கம் கறுப்பு, ஓரமெல்லாம் வெளுத்துப் போய், பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி. மெழுகுக் கட்டியை அயர்ன் பாக்ஸில் வைத்தால் உருகிச் சொட்டும், அதை இழுத்துத் தேய்க்க வேண்டும். நம் வீட்டு அயர்ன் பாக்ஸ் நீராவி வருகிற ஜாதி. அடியெல்லாம் ஓட்டை. மெழுகு ஓட்டைக்குள் போனது. புகை. ஸ்மோக் அலாரம். கீழ்வீட்டு சீனத்துப் பாட்டி கதவைத் தட்டினாள், கையில் வாளித் தண்ணீரோடு. சாரி, சாரி, சாரி.

அப்புறம்தான் அம்மா கொடுத்தனுப்பிய இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்தது. ‘அங்க கெடைக்குமோ என்னமோ’ என்று சேலைகளுக்கு நடுவில் திணித்தது. வந்த அன்றைக்கே பி. விழுந்து விழுந்து சிரித்தார். ஊரில் 220 வோல்ட், இங்கே 110. கால்வாசிச் சூடுதான் ஏறும், கைக்குட்டை சுருக்கம் கூடப் போகாது. துணி அலமாரிக்கு அடியில் கிடந்தது. எடுத்துச் சொருகினேன். மெழுகு உருகியது, புகையவில்லை. அடியில் ஓட்டையும் இல்லை.

தாராளமாகப் போட்டேன். நெய் தோசை மாதிரி மினுமினு. பி.க்கு ஒரே சந்தோஷம்.

ஜனவரி 10, ஞாயிறு

வெயில். சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். பி. முகம் சரியில்லை. வெங்கட்டுக்கு வாயெல்லாம் பல்.

“என்ன மேகலா, ஸ்கீக்கு கோந்து போட்டுட்டீங்களா? சரிவுலயே நிக்கறாரு உங்க ஹீரோ. சின்னப் பசங்கள்லாம் சுத்திக்கிட்டுப் போறாங்க.”

போட்ட மெழுகைச் சுரண்டி எடுத்துவிட வேண்டுமாம். ஏறக்குறைய எல்லாவற்றையும்! மெழுகு வந்த பெட்டியில் பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருந்ததே, அது அதற்குத்தானாம். நான் அதை ரொட்டி மாவு வழிக்க எடுத்து வைத்திருந்தேன்.

போட்டதைச் சுரண்டி எறிவதற்கு எதற்குப் போடுவது? காசைக் கரியாக்குகிற ஊர். படுக்கிறவரை எரிச்சல்.

ஜனவரி 14, வியாழன்

பொங்கல். குக்கரில்தான். பொங்கலோ பொங்கல் சொல்ல வேண்டிய நேரத்தில் விசில். பி. டப்பாவில் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் போட்டு அனுப்பினேன்.

திங்கள் லீவு சேர்ந்து வருகிறது. மூன்று நாள் டாஹோ. “நானும் வரட்டுங்களா?” என்று கேட்டேன். “வந்து என்ன பண்ணுவ கண்ணு, அந்தக் குளுர்ல ஒரே எடத்துல உக்காந்திருக்கோணும். ஏப்ரல்ல கூட்டிட்டுப் போறேன்.” ஏப்ரலில் பனி இருக்குமா என்று கேட்கவில்லை.

மெழுகு, இரண்டாம் முறை. சூடு, தேய்ப்பு, ஆற விடுதல், பிறகு நுனியிலிருந்து வாலை நோக்கிச் சுரண்டல். சுருள் சுருளாக வந்தது. கடைசியில் நைலான் பிரஷ். சுரண்டச் சுரண்டத்தான் புத்தியில் உறைத்தது: அடிப்பலகையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள், மெழுகு அதற்குள் போய் இருந்தால் போதும். மேலே நிற்பது எல்லாம் பாரம். மெழுகுப் பெட்டியில் மூன்று நிறம். நீலம் கடுங்குளிருக்கு, சிவப்பு நடுத்தரம், மஞ்சள் ஈரப் பனிக்கு. ஏன் என்று வெங்கட்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீளமான சங்கிலி, கூடுதல் உருகுநிலை, கெட்டி மெழுகு. குளிர்ந்த பனி கூர்மையானது, மெத்தென்ற மெழுகில் குத்திப் பிடித்துக்கொள்ளும். ஹைட்ரோகார்பன். எம்.எஸ்சி. முதல் வருஷம், மூன்றாம் பேப்பர். ஒரு வருஷமாக யாரும் என்னிடம் கேட்காத விஷயம் எல்லாம் கையில் இருந்து வந்தது. வாய்விட்டே சிரித்தேன், வீட்டில் ஒருத்தரும் இல்லை.

பிறந்ததிலிருந்து காதில் விழுந்தது ஒன்றுதான். பாத்துப் போ, வழுக்கும். கிணற்றடியில் வழுக்கும், பாத்ரூமில் வழுக்கும், யானைக்கும் அடி சறுக்கும். இங்கே மெனக்கெட்டு உட்கார்ந்து வழுக்க வைக்கிறேன்.

ஜனவரி 18, திங்கள்

மேகம். மூன்று நாள் வீடு வெறிச்சென்று. டிவியில் வானிலை மட்டும் பார்த்தேன், மலையில் எத்தனை குளிர் என்று. நீலம் போட்டது சரிதான்.

கார் நிற்கும் முன்பே வெங்கட் குரல்:

“மேகலா! என்னங்க பண்ணீங்க? இவன் ராக்கெட் மாதிரி போறான். வழியில ஒரு வெள்ளக்காரன் நிறுத்தி எந்தக் கடைன்னு கேட்டான்!”

பி. பெருமையாக, “நம்ம ஹோம் மேட்தான்” என்றார். வெங்கட் தன் ஸ்கீயை இங்கேயே இறக்கிவிட்டுப் போனார், புத்தம் புதுசு. ஆபீஸில் இன்னும் மூன்று ஜோடி இருக்கிறதாம், அதையும் கொண்டுவருவார்களாம். அவர்களுக்குக் காபி போட்டேன். மனசுக்குள் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஜனவரி 20, புதன்

ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் வெங்கட் ஸ்கீ. சுரண்டும்போது பிளாஸ்டிக் பட்டை இரண்டாக உடைந்தது. கண்ணில் பட்டது தோசைத் திருப்பி. எவர்சில்வர், முனை நேர்கோடு. இதைவிட நல்ல பட்டை ஏது என்று ஒரே இழுப்பு. மூலை இறங்கிவிட்டது. அடிப்பலகையில் விரல் நீளத்துக்கு ஒரு வாய்க்கால்.

மவுரி அவென்யூவில், மளிகைக் கடைக்கு அந்தப் பக்கம், ஸ்கீ வாடகைக் கடை ஒன்று உண்டு. கார் ஓட்டத் தெரியாது. சல்வார், ஸ்வெட்டர், தோளில் ஸ்கீ. ஏர் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகிற மாதிரி போனேன். இரண்டு கார் ஹாரன் அடித்தது.

கடைக்காரி டோனா. ஐம்பது வயசு இருக்கும், கட்டை முடி, ஏப்ரன் முழுக்க மெழுகுச் சிராய்.

எதை வைத்து இப்படிச் செய்தாய் என்றாள்.

“தோசை... ஸ்பூன்.”

புரியவில்லை. கேட்கவும் இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் குச்சி ஒன்றைப் பற்ற வைத்து, எரிய எரியச் சொட்டு விட்டு வாய்க்காலை நிரப்பினாள். ஆறியதும் செதுக்கினாள். தழும்பு கூடத் தெரியவில்லை. அப்புறம் கட்டைவிரலால் மற்ற இடத்தைத் தடவினாள். திரும்பத் தடவினாள்.

மிச்சம் யார் செய்தது?

“ஐ.”

எந்தக் கடை அயர்ன்?

வோல்டேஜ் விஷயத்தை வாயால் சொல்ல வரவில்லை. பில் பேப்பரின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன், பாதி வோல்ட், கால் சூடு. டோனா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னது: சீசன் முடிகிறவரை எனக்கு ஆள் வேண்டும். பின்பக்க மேசை உன்னுடையது. எப்போது வருகிறாய்?

“ஐ வில் டெல்” என்றேன். திரும்பி வரும்போது ஸ்கீ கனக்கவே இல்லை. மளிகைக் கடையில் கறிவேப்பிலை வாங்க மறந்தேன்.

ஜனவரி 21, வியாழன்

நேற்று சொல்லாமல் வைத்திருந்து இன்று காபியோடு சொன்னேன்.

“நெசமாவா? உன்னையவா கூப்புட்டாங்க?” முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் சிரிப்பு மெல்ல வடிந்தது. “ஆகாது கண்ணு. எச்-4ல ஒரு மணி நேரம் கூடக் கூடாது. மாட்டுனா உனக்கு மட்டும் இல்ல, எனக்கும் சேத்து டிக்கெட் கிழிச்சிருவாங்க. கிரீன் கார்டு வேற போட்டிருக்குது.”

“உங்க ஆபீஸ் லாயரை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.”

“கேக்கறேன். ஆனா நீ ஆசை வெக்காத.”

வெச்சாச்சே.

ஆபீஸ் ஆட்களுடையதும் சேர்ந்து இன்று ஐந்து ஜோடி. யோசனை எங்கேயோ. இஸ்திரிப் பெட்டி மணிக்கட்டுக்கு மேலே பட்டுவிட்டது. பற்பசை தடவினேன், கொப்புளம்.

ஜனவரி 22, வெள்ளி

லாயர் சொன்னாராம்: முடியாது. எனக்குத் தனியாக எச்-1 என்கிற வேலை விசா வேண்டும். அதற்கு, என் படிப்பு இந்த வேலைக்குத் தேவை என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்கீக்கு மெழுகு போட எம்.எஸ்சி. தேவை என்று எவர் எழுதிக் கொடுப்பார்? தேவைதான், ஆனால் எழுத மாட்டார்கள்.

கிரீன் கார்டு வந்தால் பார்க்கலாம். எப்போது வரும்? “வரும் கண்ணு. எல்லாருக்கும் வருது.”

ஐந்து ஜோடியும் காரின் மேல் ஏறிப் போயின. டாட்டா காட்டினேன்.

ஜனவரி 25, திங்கள்

பனிமூட்டம். இதை எழுதவே கூச்சம்.

சனி ஞாயிறு முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சம்பளம்தானே குற்றம்? சம்பளம் வேண்டாம், சும்மா வருகிறேன். சும்மா என்பதற்கு இங்கிலீஷ் கிடைக்கவில்லை. கடையில் போய், “ஐ வில் கம் ஃப்ரீ, நோ மணி” என்றேன்.

டோனா முகம் சுருங்கியது. கடை நடத்துகிறவள் காசு கொடுக்காமல் வேலை வாங்கினால் அவளைப் பிடிப்பார்களாம். வாங்கினால் நான் குற்றவாளி, கொடுக்காவிட்டால் அவள். சட்டம் இரண்டு பக்கமும் மெழுகு தடவி வைத்திருக்கிறது.

ஏன் சம்பளம் வேண்டாம் என்கிறாய், யார் தடுப்பது என்றாள். புருஷனுடைய விசாவில் வந்தவள், எனக்கு அனுமதி இல்லை என்று சொல்ல வேண்டும். அழுகை முந்திக்கொண்டது. வெளியே வந்தது இவ்வளவுதான்:

“ஹஸ்பண்ட்... நாட் அலவ்ட்.”

மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். கொப்புளத்தைப் பார்த்துவிட்டாள். இது என்ன?

“அயர்ன் பாக்ஸ்.”

கதவில் ‘மூடியிருக்கிறது’ அட்டையைத் திருப்பினாள். என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கிளம்பும்போது ஒரு சின்ன கார்டை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். எந்த நேரமும் கூப்பிடலாம், அவருக்குத் தெரிய வேண்டாம் என்றாள்.

பஸ் ஸ்டாப்பில்தான் படித்தேன். வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கான எண்.

ஐயோ சாமி.

ஜனவரி 26, செவ்வாய்

பி.யிடம் மறைக்க மனசில்லை. சிரிப்பார் என்று நினைத்துத்தான் காட்டினேன். சிரிக்கவில்லை.

“நான் உன்னைய என்ன பண்ணுனேன்?”

“ஒண்ணும் பண்ணுலைங்க. அவங்களாத் தப்பா நெனச்சுக்கிட்டாங்க.”

“ஒரு வார்த்தை கடுசாப் பேசியிருப்பனா?”

“இல்லைங்க.”

தட்டை அவரே கழுவி வைத்தார். பாத்திரம் எல்லாவற்றையும் கழுவினார். “நான் வேண்ணா கடைக்கு வந்து வெவரமாச் சொல்லட்டா?” என்றார். புருஷனே நேரில் வந்து ‘நான் அடிக்கவில்லை’ என்று சொன்னால் டோனா போலீசையே கூப்பிட்டுவிடுவாள். வேண்டாம் என்றேன்.

அவர் நல்லவர். லாயரும் சரியாகத்தான் சொன்னார். டோனாவும் நல்லவள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மாவாட்டினேன். கிரைண்டர் ஓடும்போது அழுதால் வெளியே கேட்காது.

ஜனவரி 28, வியாழன்

குளிர், வெயில். கறிவேப்பிலை, துவரம்பருப்பு, அப்பளம்.

வேண்டுமென்றேதான் அந்தப் பக்கமாக நடந்தேன். கண்ணாடி வழியாகப் பின்பக்க மேசை தெரிகிறது. தாடி வைத்த ஒருவன், புது ஏப்ரன். அயர்னை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு யாருடனோ பேசுகிறான். புகை வருகிறது. அடிப்பலகை தீய்ந்தால் துளையெல்லாம் மூடிப்போகும், அப்புறம் எந்த மெழுகும் இறங்காது.

“நகத்துப்பா, நகத்து” என்று ரோட்டில் நின்று சொல்லியிருக்கிறேன். தமிழில். பக்கத்தில் வந்த அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். டோனா உள்ளேயிருந்து என்னைக் கண்டு, நலமா என்பது போல நெஞ்சில் கை வைத்தாள். தலையாட்டிவிட்டு வேகமாக வந்துவிட்டேன்.

சாயங்காலம் வெங்கட், ஸ்கீயை இறக்கி வைத்தபடி: “நீங்க ஒரு கடை போட்டீங்கன்னா கோடீஸ்வரிங்க.” பி. அவர் தோளில் தட்டிப் பேச்சை மாற்றினார். ஐந்து ஜோடியும் போட்டு முடித்தேன். சிவப்பு. ஒன்றில் கூடக் குறை இல்லை.

பிப்ரவரி 2, செவ்வாய்

மழை. துணி இல்லை, மாவு இருக்கிறது, வீடு பெருக்கியாயிற்று. மத்தியானம்.

அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. யாராவது ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்பார்கள் போல இருந்தது.

எடுத்தவள் வெள்ளைக்காரி. மெதுவாக, குழந்தையிடம் பேசுகிற மாதிரி. பாதுகாப்பாக இருக்கிறாயா? “சேஃப்.” உடம்பில் காயம்? “ஹேண்ட். ஒன்லி அயர்ன் பாக்ஸ்.” எழுதிக்கொள்ளும் சத்தம். இல்லை இல்லை என்று ஆரம்பித்தேன், இங்கிலீஷ் மறுபடியும் கையை விரித்தது. என்ன பாஷை உனக்கு என்றாள். தமிழ். வியாழக்கிழமை ஒரு தமிழ்ப் பெண்மணி வருவார், பேசச் சொல்லட்டுமா, எப்போது கூப்பிட்டால் ஆபத்தில்லை? எப்போதும் ஆபத்தில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “மார்னிங்” என்றேன்.

பி.யிடம் சொன்னேன். “பேசு கண்ணு. யாருகிட்டயாவது பேசு” என்றார்.

பிப்ரவரி 4, வியாழன்

வானம் வெளுத்திருக்கிறது. பி. ஆபீஸ் போயாயிற்று. ஸ்கீ எதையும் இன்னும் எடுக்கவில்லை, ஐந்து ஜோடியும் சுவரோரம்.

போன் வந்தது. நடுத்தர வயசுக் குரல்.

“மேகலாங்களா? என் பேரச் சொல்லக் கூடாது, இங்க ரூல். தமிழ்லயே பேசலாம், பயப்படாதீங்க. வீட்ல யாராவது இருக்காங்களா?”

“இல்லைங்க.”

“அவர் அடிக்கிறாராம்மா?”

“இல்லைங்க. சத்தியமா இல்லைங்க.”

“வெளிய விடாம, சரியாப் பேசாம, அந்த மாதிரி?”

“அதெல்லாம் இல்லைங்க. நல்லாத்தான் பாத்துக்கறாரு.”

“கையில காயம்னு எழுதியிருக்கே?”

“ஸ்கீக்கு மெழுகு போட்டப்ப சுட்டுக்கிட்டதுங்க.”

“எதுக்கு மெழுகு போட்டப்ப?”

சொன்னேன். இஸ்திரிப் பெட்டி, நீல மெழுகு, தோசைத் திருப்பி, டோனா, பின்பக்க மேசை, லாயர், தாடிக்காரன் தீய்த்தது. மூச்சு விடாமல். தோசைத் திருப்பிக்கு மட்டும் சிரித்தாள், வேறெங்கும் குறுக்கே பேசவில்லை. இந்த ஊருக்கு வந்து நான் இவ்வளவு பேசியதில்லை.

“சரிம்மா. இப்ப நாங்க உங்களுக்கு என்ன பண்ணணும்?”

“ஒரு வேலை வேணுங்க.”

லைன் போய்விட்டதோ என்று ஹலோ என்றேன்.

“இருக்கேன் மேகலா. நான் ஊர்ல பேங்க் ஆபீசர். இங்க நானும் எச்-4தான். வியாழக்கிழமையானா சேவையா, சம்பளம் இல்லாம, இந்தப் போன் பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன்.”